பாதி அண்ணன் ஏலத்துக்கு

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நானும் வீட்டுக்காரரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைக் கேட்டால் பதில் சொல்ல வாயைத் திறப்பீர்கள், அண்ணன் என்னைத் தொலைத்துவிடுவார். அதனால் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டுங்கள், இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன் எல்லாம் சொன்னார். தைராய்டு சுரப்பியை முழுசாக எடுத்தாயிற்று, அதிலிருந்த கட்டி பயப்படும்படியானது இல்லை என்று பரிசோதனையில் வந்துவிட்டது, இனி தினமும் மாத்திரை போட்டுக்கொண்டால் போதும் என்றார். நான் வேலை பார்க்கும் பல் செட் கூடத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். பல் செட் செய்கிற இடத்தில் மிட்டாய் கொடுப்பது வியாபாரத்துக்கு நல்லது என்று முதலாளி இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் குண்டைத் தூக்கிப் போட்டார். "அவளுக்குக் குரல் கம்மிப்போயிருக்கு. ரொம்பப் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நீ போன் பண்ணினா லேசுல வைக்க மாட்டே. இனிமே கடிதம் எழுது." சுருக்கமாகப் பேசுகிறேன் என்று கெஞ்சினேன். அண்ணன் அதற்கு வெகு நேரம் சிரித்தார். சரி, செல்போனில் எழுதி அனுப்பட்டுமா என்றால், நீங்கள் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுத் தப்பித்துவிடுவீர்களாம். உங்களை நன்றாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறார்.

பரவாயில்லை. ஆரஞ்சையும் திராட்சையையும் கூவிக் கூவி ஏலம் விட்டு ஒரு பழச்சந்தையையே கட்டி ஆண்ட தொண்டை அது. அதற்கும் ஒரு லீவு வேண்டாமா? நீங்கள் எழுதுங்கள், நான் உங்கள் குரலிலேயே படித்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு கூத்து. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே வாரத்தில் பல் செட் செய்து கொடுத்தோம். வீட்டில் ஒரே கிண்ணத்தில் ஊறப் போட்டு, காலையில் மாற்றி மாட்டிக்கொண்டு, இரண்டு பேரும் என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார்கள். நான் கழற்றி மாற்றிக் கொடுத்ததும், "அதான் காலையிலேருந்து என் வாயில உன் பேச்சா வருதா?" என்று அந்த அம்மாள் கணவரைக் கேட்டாரே பார்க்கணும்.

தையல் பிரித்தார்களா? கழுத்தை ஜாக்கிரதையாகத் திருப்புங்கள்.

உங்கள் சொல்பேச்சு கேட்காத நாத்தனார்

பிப்ரவரி 21

அன்புள்ள பல்லழகிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் இருவரும் சுகமென்று தெரிந்து சந்தோஷம். நான் நலம்.

தையல் பிரித்துவிட்டார்கள். தழும்பு மெல்லியதாகத்தான் இருக்கிறது. உன் அண்ணன் என்னை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. விழித்ததும் தட்டில் காபியும் மாத்திரைகளும் வந்துவிடுகின்றன. பிறகு படுத்துக்கொள்கிறேன். எழுந்தால் மத்தியானம் ஆகியிருக்கிறது. எல்லோருக்கும் புழுக்கமாக இருக்கும்போது எனக்கு மட்டும் குளிர்கிறது. உன் அண்ணனின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆமாம், நல்லபடியாகத்தான் முடிந்தது.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

எங்கள் வீட்டில் எல்லோரும் நலம், கடைசிக் கடிதத்தைப் படித்ததிலிருந்து நான் மட்டும் அரை நலம்.

வேறு விசேஷம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கதவு தாழ்ப்பாள் கழன்று விழுந்ததையே நாலு பக்கம் எழுதுகிறவர் நீங்கள். பல் செட் மாறின கதைக்கு ஒரு வரி பதில் இல்லை. "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பார்" என்று ஒரு திட்டு இல்லை. நான் நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஏதாவது பின்பக்கம் எழுதியிருக்கிறீர்களோ என்று.

எனவே ஒரு வியாபாரத்துக்கு வந்திருக்கிறேன்.

நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் நான் உங்களோடு பேசவே மாட்டேன், ஞாபகம் இருக்கிறதா? என் அண்ணனைத் தட்டிக்கொண்டு போக வந்தவள் என்று உம்மென்று உட்கார்ந்திருப்பேன். நீங்கள் கெஞ்சவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கரண்டியைத் தட்டி ஏலத்தை ஆரம்பித்தீர்கள். "நல்ல கெட்டியான அண்ணன் ஒருத்தர் விலைக்கு. குறட்டை உண்டு, கோபம் கிடையாது. கேக்கறவங்க கேக்கலாம். ஒரு தரம்... ரெண்டு தரம்..." வீட்டுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அத்தை சும்மா விளையாட்டுக்குக் கையைத் தூக்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கு" என்று கத்திவிட்டேன். உங்களிடம் நான் பேசின முதல் வார்த்தை அது. நீங்கள் பெரிய மனசு பண்ணி, ஆளுக்குப் பாதி என்று பிரித்துக் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து அண்ணனில் பாதி எனக்குச் சொந்தம். இதுவரை யாரும் மறுத்ததில்லை, அண்ணன் உட்பட.

அந்தப் பாதியை இப்போது ஏலத்துக்கு விடுகிறேன். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு பராமரிக்க முடியவில்லை. சரக்கு பழசு, முன்பக்கம் முடி கொஞ்சம் கொட்டியிருக்கிறது, மற்றபடி உழைக்கும். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பதால் துருப்பிடிக்காது. காசு வாங்குவதாக இல்லை. ஆரம்ப விலை, உங்கள் கையால் எழுதின ஒரு நல்ல திட்டு.

நீங்கள் கேட்காவிட்டால் அடுத்தவர் கேட்பார். பக்கத்து வீட்டு அத்தை இன்னும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார் என்று கேள்வி.

பதிலை எதிர்பார்க்கும்,
பாதி அண்ணனின் சொந்தக்காரி

மார்ச் 19

அன்புள்ள பல்லழகிக்கு,

நலம்தானே? இங்கு நாங்கள் நலம். கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

சந்தையிலிருந்து ஒரு கூடை ஆரஞ்சு அனுப்பியிருந்தார்கள். எனக்குப் பதிலாக ஒரு தம்பி ஒலிபெருக்கி வைத்து ஏலம் விடுகிறாராம். நன்றாகச் செய்கிறாராம். ஆரஞ்சு அப்படியே இருக்கிறது, உரிக்கக் கை வரவில்லை.

நீ போனில் பேசலாமா என்று உன் அண்ணனிடம் மறுபடி கேட்டாயாம். குரல் இன்னும் சரியாகவில்லை. இப்போதைக்கு வேண்டாம்.

அண்ணி

மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். நலம் என்று ஒற்றை வார்த்தையில் எழுதினால் தபாலைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஏலத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லையே? இங்கே என் வீட்டுக்காரர், "பாதி மச்சானை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்று விலகிக்கொண்டார். கூடத்து முதலாளி, ஆணி அடிக்கத் தெரிந்த பாதியா என்று விசாரித்தார். பாருங்கள், கிராக்கி இருக்கத்தான் செய்கிறது. பழைய வாடிக்கையாளர் என்ற மரியாதைக்காக உங்களுக்குப் பொறுத்திருக்கிறேன்.

கூடத்தில் ஒரு பாட்டுக்காரருக்குப் பல் செட் செய்கிறேன். முன்பல் இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி அப்படியே வேண்டுமாம், அது இல்லாமல் சுருதி சேராதாம். மெழுகில் வைப்பேன், அவர் ஒரு வரி பாடிப் பார்ப்பார், போதாது என்பார், நான் இன்னும் கொஞ்சம் விலக்குவேன். மற்றவர்களுக்கு ஓட்டையை அடைக்கிறவள் இவருக்கு ஓட்டையைச் செய்துகொண்டிருக்கிறேன். உங்களிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள் என்று அப்போதே நினைத்தேன்.

சிரித்தீர்களா?

ஒரு தரம்.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 11

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமே நாடுகிறேன். எனக்கு உன்னைப்போல் எழுத வராது. அண்ணியிடமிருந்து உனக்குக் கடிதம் வந்து நாளாகியிருக்கும், அதனால் நான் எழுதுகிறேன்.

உன் கடிதம் அவள் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. படித்தாள். சிரித்தாளா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. படித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன செய்கிறது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். தலை சீவிவிடட்டுமா என்றால் நாளைக்கு என்கிறாள். சந்தையிலிருந்து ஆட்கள் வந்தால் தூங்குகிறாள் என்று என்னையே சொல்லச் சொல்கிறாள்.

என் பக்கத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. நம் கடையில் ஒரே அளவு திருகெல்லாம் ஒரே டப்பாவில் இருக்கிற மாதிரி, அவள் மாத்திரைகளுக்கும் மரத்தில் ஒரு பெட்டி செய்திருக்கிறேன். சீட்டில் காலை என்று எழுதியிருப்பதெல்லாம் காலை அறையில், இரவு என்று எழுதியிருப்பது இரவு அறையில். தைராய்டு மாத்திரை, கால்சியம் மாத்திரை எல்லாம் ஒரே தட்டில், சூடாகப் பால் நிறைய விட்ட காபியோடு, என் கையாலேயே கொடுக்கிறேன். ஒரு நாள் தவறியதில்லை.

இதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கடையில் வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுகிறேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் சத்தமே இல்லை. அவள் என்னைத் திட்டினாலாவது நன்றாக இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 15

அண்ணா,

எல்லோரும் நலம், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படித்துவிட்டு உடனே டாக்டரைப் பார்க்கக் கிளம்பு.

எங்கள் கூடத்தில் மெழுகு வேலை செய்கிற அக்கா ஒருத்தர் வருஷக்கணக்காகத் தைராய்டு மாத்திரை போடுகிறவர். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போடுவார். அதற்கப்புறம் காபி வாசனை வந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொள்வார், நேரம் ஆகட்டும் என்பார். நாங்கள் அவரைக் கேலி செய்யாத நாள் இல்லை. உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். மாத்திரைப் பெட்டி வந்த இடத்தில் அவர் கையிலிருந்த மெழுகு கீழே விழுந்துவிட்டது. "கால்சியத்தையும் சேர்த்தா? பால் காபியோடயா? ஐயையோ, முதல்ல போய் டாக்டரைக் கேக்கச் சொல்லு," என்றார்.

எனக்கு வைத்தியம் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், நீயாக எதையும் மாற்றாதே. பெட்டியையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்க் கேள். உன் தச்சு வேலையை அவரும் பார்க்கட்டும்.

உன் மேல் கோபமில்லை. நீ அன்பாகத்தான் செய்தாய். திருகுக்கு உன் முறை சரிதான், திருகு காபி குடிப்பதில்லை.

அண்ணா, அண்ணியைத் தனியாக விடாதே. சிரிக்க வைக்கவும் பார்க்காதே, அந்த வேலை என்னுடையது. பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்துக் கொடு. டாக்டரிடம் உடம்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராமல், மனசு சரியில்லை என்பதையும் வாய் திறந்து சொல். நீ சொல்லத் தயங்கினால் இந்தக் கடிதத்தை நீட்டிவிடு.

கீழே இருப்பதை மட்டும் கிழித்து அண்ணியிடம் கொடு.

தங்கை

அண்ணி, இரண்டு தரம். பக்கத்து வீட்டு அத்தை கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

ஏப்ரல் 30

அன்புள்ள பல்லழகிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் நலம்தானே? நான் நலமில்லை. அப்படி எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எழுதிவிட்டேன், ஒன்றும் இடிந்து விழவில்லை.

டாக்டரிடம் போனோம். உன் அண்ணன் மாத்திரைப் பெட்டியை மேசை மேல் வைத்து, மூடியைத் திறந்து, அறை அறையாக விளக்கினார். டாக்டரம்மா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வேலைப்பாடு பிரமாதம். ஆனா மாத்திரையில பெரும்பகுதி இவங்க உடம்புக்குள்ள சேரவே இல்லையே," என்றார். தைராய்டு மாத்திரை தனியாகத் தண்ணீரில் போட வேண்டுமாம். காபி அப்புறம்தானாம். கால்சியம் பல மணி நேரம் தள்ளித்தான் போட வேண்டுமாம். இதையெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே நர்ஸ் என்னிடம் சொன்னாராம், நான் தலையை ஆட்டினேனாம். அன்றைக்கு நான் எதற்குத்தான் தலையாட்டவில்லை? உன் அண்ணன் அப்போது மருந்து வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு. வெளியே வந்து பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போடப் போனார், நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

ரத்தப் பரிசோதனையில் எல்லாம் தாறுமாறாக இருந்தது. குளிர், தூக்கம், கை ஓடாமை எல்லாவற்றுக்கும் அது ஒரு காரணமாம். மாத்திரை சரியாகச் சேர ஆரம்பித்தாலும் நிதானமாகத்தான் தெளியுமாம். அப்போது உன் அண்ணன் வாயைத் திறந்து, "மனசும் சரியில்ல டாக்டர், பேசவே மாட்டேங்கறா," என்று சொல்லிவிட்டார். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "இது நிறையப் பேருக்கு வரும்மா. வந்தா சொல்லணும். அதுக்கும் நாங்கதான் இருக்கோம்," என்றார். அவ்வளவுதான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மனசுவிட்டுப் பேசவைத்து ஆலோசனை சொல்கிற ஒரு அம்மாளிடமும் அனுப்பியிருக்கிறார், வாராவாரம் போகிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். குரல் நாண் நன்றாக இருக்கிறது, இனி தாராளமாகப் பேசலாம் என்று தொண்டை டாக்டர் மார்ச் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அப்போதும் உன் அண்ணன் மருந்து வரிசையில்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை. பேசலாம் என்று தெரிந்தால் எல்லோரும் பேசுவார்கள், எப்போது சந்தைக்கு வருகிறாய் என்பார்கள். நீ போன் செய்வாய். உன் குரலைக் கேட்டால் உடைந்துபோவேன் என்று பயம். கட்டி கெட்டதில்லை, ஆள் பிழைத்தாயிற்று, ஊரே சந்தோஷப்படுகிறது. இதில் எனக்கு மட்டும் எதுவுமே பிடிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? அதனால் மூடிக்கொண்டேன்.

உன் ஏலக் கடிதத்தைத் தினமும் படித்தேன். சிரிப்பு வர வேண்டிய இடம் எதுவென்று தெரிந்தது, சிரிப்புதான் வரவில்லை. அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

கை ஓய்ந்துவிட்டது. நேற்று ஒரு ஆரஞ்சு தின்றேன். புளிப்பு.

அண்ணி

மே 8

என் அண்ணிக்கு,

நலமில்லை என்று எழுதினீர்களே, அதற்காக இங்கிருந்தே ஒரு முத்தம்.

கூடத்தின் பின்பக்கம் பிளாஸ்டர் மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். எழுந்தபோது பின்னால் முழுக்க வெள்ளை, அப்படியே பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். எனக்கு உங்கள் மேல் கோபம் வருமோ என்று நினைத்தீர்களா? வந்தது, கொஞ்ச நேரம். என்னிடம் போய் மறைத்தீர்களே என்று. அப்புறம் யோசித்தால், நான் உம்மென்று இருந்த காலத்தில் ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று நீங்கள் ஒரு தடவைகூட என்னைக் கேட்டதில்லை. வரும்போது வரட்டும் என்று கரண்டியைத் தட்டிக்கொண்டு காத்திருந்தீர்கள். நானும் அப்படியே இருக்கிறேன்.

போன் செய்ய மாட்டேன். நீங்களாகச் செய்கிறவரை இந்தக் கை போனைத் தொடாது. ஒரு நாளைக்கு எதுவும் பிடிக்கவில்லை என்றால் அதையே எழுதுங்கள், வெறும் காகிதத்தில் பிடிக்கலை என்று எழுதிப் போட்டாலும் போதும். நான் பதிலுக்குப் பல் கதை எழுதுவேன். உங்களுக்குச் சிரிப்பு வந்தாலும் வராவிட்டாலும் எழுதுவேன்.

பாட்டுக்காரர் பல்லோடு வந்து கூடத்தில் பாடிக் காட்டினார். இடைவெளி சரியாக வந்திருக்கிறதாம். பாட்டு சரியாக வரவில்லை, ஆனால் அது பல்லின் குற்றமில்லை.

அத்தையை உட்கார வைத்திருக்கிறேன். மூன்றாம் தரம் சொல்ல அவசரமில்லை.

உங்கள் நாத்தனார்

ஜூன் 20

ஏ பல்லழகி,

உனக்கு நலம் விசாரிப்பு ஒரு கேடா? நன்றாகத்தான் இருப்பாய்.

ஏலம் விடுகிற லட்சணமா இது? சரக்கு எந்தப் பாதி என்று சொன்னாயா? மேல் பாதியென்றால் குறட்டை என் தலையில், கீழ் பாதியென்றால் தினமும் காணாமல் போகிற செருப்பை யார் தேடுவது? வலது பாதியா இடது பாதியா என்றாவது எழுதினாயா? கேட்காத அத்தையைக் கேட்டதாகச் சொல்லி விலையை ஏற்றுகிறாய், எங்கள் சந்தையில் இதற்கு ஆளைத் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள். பல்லைக் கட்டுகிறவளுக்குப் பல்லைக் காட்டத்தான் தெரியும் போலிருக்கிறது. முதல் தரத்துக்கும் இரண்டாம் தரத்துக்கும் நடுவே மூன்று வாரம் விட்டவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். அதற்குள் பழம் அழுகிவிடாதா? அண்ணன் என்ன ஆவது?

திட்டு போதுமா, இன்னும் கொஞ்சம் போடட்டுமா?

சந்தைக்குப் போனேன். சும்மா பார்த்துவிட்டு வரத்தான் கிளம்பினேன். ஒலிபெருக்கித் தம்பி நல்லவர்தான், ஆனால் ஒரே ஆரஞ்சுக் குவியலை இரண்டு பேருக்கு விட்டுவிட்டார். அந்த இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டி மேல் ஏறி, "கையை எடுங்கடா ரெண்டு பேரும்," என்று கத்தினேன். நடுவிலே குரல் பிளந்து, மீசை முளைக்கிற வயசுப் பையன் குரல் மாதிரி கீச்சென்று போய்விட்டது. சந்தையே திரும்பிப் பார்த்தது. சட்டையைப் பிடித்தவர்கள் பிடித்தபடியே சிரித்தார்கள். எனக்கு முதலில் உடம்பெல்லாம் கூசியது. அப்புறம் எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பெட்டியிலிருந்து இறங்க ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. பல் மாறின அம்மாள், பாட்டுக்காரர், பிளாஸ்டர் ஒட்டின உன் பின்பக்கம் எல்லாம் சேர்ந்து ஞாபகம் வந்தது. உனக்குச் சிரிக்க வேண்டிய பாக்கி அத்தனையையும் அங்கேயே தீர்த்துவிட்டேன்.

இப்போது பாதி நாள் போகிறேன். ஆரஞ்சு ஏலம் எனக்கு, மற்றதெல்லாம் தம்பிக்கு. இன்னும் சில நாள் பிடிக்கலை நாளாகவே விடிகிறது. அன்றைக்கு உன் அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து திருகு பிரிக்கிறார். அந்தப் பெட்டியில் இப்போது திருகுதான் இருக்கிறது. மாத்திரை தனியாகத் தண்ணீரோடு வருகிறது, காபி வர நேரமாகிறது. அதுவரை அவரும் குடிப்பதில்லை, எதிரே உட்கார்ந்து கடிகாரத்தை முறைக்கிறார்.

ஏலத்துக்கு வருகிறேன். உன் பாதி எனக்குத்தான். வேறு யாருக்காவது விட்டால் நடப்பதே வேறு. ஆனால் ஒன்று தெரிந்துகொள், மூன்றாம் தரம் எழுத்தில் செல்லாது. வாயால் சொல்லிக் கையைத் தட்டினால்தான் சரக்கு கைமாறும். அதையும் உன்னைச் சொல்ல விடமாட்டேன், தொழில் தெரிந்தவள் சொல்ல வேண்டியது அது. ஊரையே அதட்டுகிறேன், உன்னோடு பேச நினைத்தால் மட்டும் இன்னும் தொண்டை அடைக்கிறது. கொஞ்சம் பொறு.

உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல். உன்னைக் கேட்கவில்லை.

அண்ணி

ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம், ஒரு கரண்டியைத் தவிர.

நேற்று மத்தியானம் கூடத்துப் போன் அடித்தபோது என் கையில் பிளாஸ்டர் கிண்ணம். அச்சு எடுக்கத் தண்ணீர் விட்டுக் குழப்பி முடித்த நேரம். அதைக் கலக்கினால் உடனே ஊற்றிவிட வேண்டும், தாமதித்தால் இறுகிவிடும். முதலாளி எடுத்து, எனக்கென்று நீட்டினார். பல் டாக்டர் யாரோ செட்டைக் கேட்கிறார் என்று நினைத்துத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு மட்டும் கேட்டது. அண்ணன் பின்னால், "சொல்லு, சொல்லு," என்று கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது, அவருக்குக் கிசுகிசுக்கவும் தெரியாது.

அப்புறம் நீங்கள், "மூணு தரம்," என்றீர்கள். கையைத் தட்டினீர்கள். வைத்துவிட்டீர்கள்.

உங்கள் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியும், என் பக்கம் நடந்ததைத்தான் எழுதுகிறேன். போன் தோளிலேயே இருந்தது. உங்கள் குரல் கொஞ்சம் மாறியிருக்கிறது, அடியில் மணல் சேர்ந்த மாதிரி. எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. அங்கேயே நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன், கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது, துடைக்கக் கையில்லை. மெழுகு அக்கா ஓடிவந்து தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

கிண்ணத்தைப் பார்த்தபோது பிளாஸ்டர் கல்லாகிவிட்டிருந்தது. கரண்டி நட்டுவைத்தபடி உள்ளே நிற்கிறது, யார் இழுத்தும் வரவில்லை. முதலாளி கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னம்மா ஆச்சு என்று கேட்டார்.

"எங்க அண்ணி பேசினாங்க சார்," என்றேன்.

அண்ணன் முழுசாக உங்களுக்கே. நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஒன்றும் மிச்சமில்லாமல் சந்தோஷமாக இருக்கும்,
உங்கள் நாத்தனார்